கேபிளும் காட்சியும்

வீட்டு ஒலிக்கருவிகளை இணைக்கும் கேபிள்கள் இரு வகை: அன்பேலன்ஸ்டு, பேலன்ஸ்டு. எதை வாங்குவது என்பது கடைக்காரரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய செய்தி போலத் தோன்றும். ‘கேபிளை மாற்றியதும் பாட்டே மாறிவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது அது அறிவுக்கான வழிகளை ஆராயும் அளவையியலின் கேள்வியாகிறது. செவி கேட்டது எப்போது அறிவாகும்?

அன்பேலன்ஸ்டு கேபிளில் சிக்னலுக்கு ஒரே கம்பி. அதைச் சுற்றிய பின்னல் உறை கவசமாகவும் திரும்பும் பாதையாகவும் இருக்கிறது. ஆர்சிஏ பின் இந்த வகையைச் சேர்ந்தது. இணைத்த இரு கருவிகளின் எர்த் அளவில் வேறுபாடு இருந்தால் உறை வழியே சிறு மின்னோட்டம் பாய்ந்து, 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முரலலாகச் சிக்னலோடு கலக்கும். கலந்தபின் எது இசை, எது இரைச்சல் என்று ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது.

பேலன்ஸ்டு கேபிளில் கவசத்துக்குள் இரண்டு கம்பிகள் உள்ளன. முனையில் பெரும்பாலும் மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் பின். வெளி இரைச்சல் இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறும். பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவாக ஏறியது கழிந்துபோகும். 60 டெசிபல் கழிக்கும் கருவியில் இரைச்சல் ஆயிரத்தில் ஒரு பங்காகும். இரு கம்பிகளிலும் எதிரெதிரான சிக்னல் ஓடுவதே ‘பேலன்ஸ்’ எனப் பலர் கருதுகின்றனர். இரு கம்பிகளும் எர்த்தோடு கொண்ட மின்மறுப்பு ஒத்திருப்பதே அதன் உண்மையான பொருள். இந்த முறையின் வேர் தொலைபேசியில் இருக்கிறது. முறுக்கிய இணைக்கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார்.

சென்னை ராயபுரத்தின் கல்மண்டபம் போன்ற பகுதியில் இரண்டுக்கும் வேலை உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் தெருவில், மைக்கிலிருந்து மிக்சர் வரை கேபிள் நீளமாக ஓட வேண்டும். மைக் தருவதோ சில மில்லிவோல்ட். பக்கத்திலேயே சீரியல் விளக்குகளின் மின்கம்பிகள். அங்கே மைக் செட்காரர் பேலன்ஸ்டு கேபிளைத்தான் இழுப்பார். அதே தெருவின் ஒரு வீட்டில் பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இருக்கும், சிக்னலும் வலுவானது. அங்கே ஆர்சிஏ கேபிளே பெரும்பாலும் போதும்.

அப்படியிருந்தும் எக்ஸ்எல்ஆருக்கு மாற்றியவர் தெளிவு கூடியதாக உணர்வதுண்டு. இந்த உணர்வை ஆராய 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி உதவுகிறது. சைவ சித்தாந்தம் ஏற்கும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல் (அனுமானம்), உரை. ஐயமும் திரிபும் இல்லாததே குற்றமற்ற காட்சி. அக்காட்சி பொறிவழிக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகை. புறப்பொருளைப் பொறியால் அறிவது முதல் வகை. தன்னுள் எழும் இன்ப துன்பத்தை அறிவது தன்வேதனை.

கேபிள் வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பல கருவிகளில் எக்ஸ்எல்ஆர் முனை ஆர்சிஏ முனையைவிட இரு மடங்கு வோல்ட், அதாவது 6 டெசிபல் கூடுதலாகத் தருகிறது. சத்தம் சற்றுக் கூடினால் செவி அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். கயிறு பாம்பாவது போன்ற திரிபு இது. கேட்டவர் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. அது தன்வேதனைக் காட்சி. தம் மகிழ்ச்சிக்கு அவரே சான்று. கேபிளின் குணத்துக்கு அந்த மகிழ்ச்சி சான்றாகாது.

அறிவின் மெய்ம்மை எங்கிருந்து வருகிறது என்பதில் மீமாம்சை, நியாயம் என்ற இரு தத்துவ மரபுகள் மாறுபடுகின்றன. தோன்றிய அறிவு, மறுப்பு வரும்வரை தன்னளவிலேயே மெய் என்பது மீமாம்சை. வேறொன்றால் உறுதிப்பட்ட பின்பே மெய் என்பது நியாயம். பாட்டைக் கேட்டு மகிழ மீமாம்சகரின் நம்பிக்கை போதும். பணம் கொடுத்துக் கேபிள் வாங்க நையாயிகரின் சோதனை வேண்டும்.

சோதனை எளிது. இரு இணைப்புகளின் ஒலியளவையும் 0.1 டெசிபல் வரை சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று கேட்பவர் அறியாதபடி மற்றொருவர் மாற்றித்தர வேண்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. முரலலுக்கோ கருதல் அளவையே போதும்: கேபிளைச் செருகினால் கேட்டு, கழற்றினால் நின்றால், அந்த இணைப்பு வழியே இரைச்சல் வருகிறது என்பது துணிபு. மூன்றாவதான உரை, சித்தாந்தத்தில் மலமற்ற இறைவனின் வாக்கு. விளம்பரம் அந்த இலக்கணத்துக்குள் வராது.

கேபிள் நீளமாக ஓடினாலோ, முரலல் தீராவிட்டாலோ, இரு முனையிலும் உண்மையான பேலன்ஸ்டு சுற்று இருந்தால் பேலன்ஸ்டு கேபிளே தகும். முரலல் இல்லாத ஒரு மீட்டர் இணைப்புக்கு நன்றாகச் செய்த ஆர்சிஏ கேபிள் போதுமானது.