புரியாமை யார் கணக்கில்?

பாழியை மூணு தடவை எடுத்து மூணு தடவையும் கீழே வைத்தேன். 2000இல் வந்த கோணங்கியின் நாவல். பிடித்துக்கொண்டு போக அதில் கதை என்று ஒரு கயிறு கிடையாது. ஒரு வாக்கியத்தில் ஏறினால், இறங்குவதற்குள் யார் பேசுவது என்பதே மறந்துபோகிறது. பத்துப் பக்கம் போய் ஒன்பது பக்கம் திரும்பி வருவேன். இத்தனைக்கும் இதே ஆளின் ‘மதினிமார்கள் கதை’யை ஒரே மூச்சில் படித்தவன்தான்.

முடிக்க முடியாததைவிட, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டதுதான் என்னை அரிக்கிறது. சென்னையில் ஒரு கூட்டத்தில் “பாதியிலே நிக்குது” என்றேன். பக்கத்திலிருந்தவர், நல்ல வாசகர், அன்பாகத்தான் சொன்னார்: “உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? கருக்கு மாதிரி படிங்க.” அவரும் பாழியை முடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் வைத்தால் ரசனை. நான் வைத்தால் பிறப்பு.

1992இல் பாமாவின் கருக்கு வந்தபோது அதன் பேச்சுமொழியைக் கொச்சை என்றவர்கள் உண்டு. அப்போது குற்றம் பிரதியின் மேல் விழுந்தது. பாழி புரியவில்லை என்றால் வாசகன் மேல் விழுகிறது. புரியாமை இரண்டிலும் ஒன்றுதானே?

எங்க ஊர் சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு ஏரிக்கரை. இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நெடுங்காலம் அது பட்டினவர் தலைக்கட்டுகளுக்கே உரியதாக இருந்தது. எங்களுக்கும் இருளருக்கும் சீட்டில் பேர் கிடையாது. எங்கம்மா வலையில்லாமல், தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்பாள். பறியைப் பல்லில் கடிச்சிக்குவாள். வெறும் பறியோடு கரையேறினால், “ஒங்களுக்கு இன்னா தெரியும் தொழிலு” என்று கேட்க ஆள் இருந்தது. நல்ல தண்ணி யார் முறையில் இருந்தது என்று கேட்க ஆள் இல்லை.

வாசிப்பிலும் பாடு உண்டு. பாழி என்றால் முனிவர் தங்கும் குகை என்று ஒரு பொருள் இருப்பதையே நான் முப்பது வயதுக்கு மேல் அகராதியில் பார்த்தேன். 1990களில் நிறப்பிரிகை போன்ற இதழ்கள் வழியாகப் பின்நவீனத்துவம் நம்மிடம் வந்தது. மையம் உடைந்தது என்றார்கள், சந்தோஷப்பட்டோம். உடைந்த துண்டுகளைப் பொறுக்கவும் முன்படிப்பு வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை.

அதற்காக இதையே சாக்காக்கி, “நம்ம ஜனத்துக்கு எளிமைதான் வேணும்” என்று நம் தோழர்கள் சொல்லும்போது எனக்கு ஆகவில்லை. அந்தக் கூட்டத்து நண்பர் அன்பாகச் சொன்னதும் இதுதானே. புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவது பொய். எனக்கு வேண்டாம் என்று இன்னொருவர் முடிவுசெய்ய விடுவதும் பொய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கஷ்டமான புத்தகத்தோடு மல்லுக்கட்டித் தோற்கவும் எனக்கு உரிமை வேண்டும். தோற்றால் அது என் தோல்வியாக மட்டும் இருக்கட்டும், என் தெருவின் தோல்வியாக வேண்டாம்.

போன மாசம் ஊருக்குப் போனபோது, கண்ணால் படித்து ஆகாததை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்ததும், “இன்னாடா, ஒப்பாரி மாதிரி கீது. யாரு செத்தது?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நாலு பக்கம் பின்னால் போய்த் தேட ஆரம்பித்தேன்.