அஞ்சுகிறவரை ஏசலாமா?

வியாபாரி எதற்கும் அஞ்சக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். சரக்குத் தேங்கினாலும், கொடுத்த கடன் திரும்பாவிட்டாலும் கலங்காதவனே கல்லாவில் உட்காரத் தகுந்தவன் என்பது நம்மவரின் வழக்கு. அப்படிப்பட்ட ஒருவர், நஷ்டத்துக்கு அஞ்சாதவர், மின்தூக்கிக்கு அஞ்சினார் என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்தவர்தாம்.

அவர் நமக்கு மச்சான், கடையிலும் பங்காளி. பல ஆண்டுகளுக்கு முன் பழுதான மின்தூக்கி ஒன்றில் இருபது நிமிஷம் அகப்பட்டுக் கொண்டார். அன்றுமுதல் அதன் கதவைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு முட்டும். ஆபத்தில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை. சாதாரணப் பயத்துக்கும், வைத்தியர்கள் ஃபோபியா என்று சொல்லும் இந்த நோய்க்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

ஒரு நோன்புப் பெருநாளன்று உறவினர் வீட்டுக்குப் போனபோது, இளவட்டங்கள் விளையாட்டாக அவரை உள்ளே இழுத்துக் கதவை மூடிவிட்டார்கள். மேலே கதவு திறந்தபோது, புதுச்சட்டை நனைந்துபோய்த் தரையில் உட்கார்ந்திருந்தார். "ஈமான் உள்ளவருக்கு இவ்வளவு பயமா?" என்று ஒருவர் கேட்டார். நாமும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நபி மூஸா (அலை) அவர்கள், தம் கைத்தடி பாம்பாக நெளியக் கண்டு திரும்பி ஓடியதைக் குர்ஆனே கூறுகிறது. அதைக் கொண்டு அவர்களுடைய ஈமானை அளந்தவர் யார்? பின்பு அதே பாம்பைக் கையில் எடுக்கும்படி அவர்களுக்குக் கட்டளையாயிற்று என்பதையும் மறக்கலாகாது.

ஏசியது ஒரு தவறு. ஆனால் அதைவிடப் பெரிய தவறை நாம் அன்பு என்று எண்ணிச் செய்தோம். மாடி வீடுகளுக்குப் போக வேண்டிய வசூலையெல்லாம் கடைப்பையனிடம் கொடுத்தோம். அவருடைய மகளுக்குப் பதினான்காவது மாடியில் வீடு. படியேற முழங்கால் இடந்தராத காலம் வந்தபோது, பேரப்பிள்ளையைக் கீழ்த்தளத்துக்குத் தூக்கி வரச்சொல்லி ஏற்பாடு செய்தோம். பிள்ளை பிறந்து ஒரு வருஷம்வரை மகளின் வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததில்லை. பிறகு கடைத்தொகுதிகளுக்குப் போவதை விட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்த சொந்தத் தமையனைப் பார்க்கவும் போகவில்லை. அவர் ஒதுங்க ஒதுங்க, ஒதுங்குவதற்கு நாமே இடம் செய்து கொடுத்துக் கொண்டிருந்தோம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அச்சம் ஏறும்போது ஏறிக்கொண்டேதான் போகும் என்று தோன்றும். அப்படியல்ல, ஓடாமல் நின்றால் சிறிது நேரத்தில் அது தானே இறங்கும். இறங்குமுன் ஓடிவிட்டால், "ஓடியதால்தான் தப்பினேன்" என்று உடம்பு கற்றுக் கொள்கிறது. வட்டிக்கு வாங்கியவன் கதைதான்: இன்றைக்கு நிம்மதி, நாளைக்குக் கடன் கூடுதல்.

இது முழுவதும் இன்றைய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள், உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து எழுதிய நூலில் அச்சத்தைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் சாப்பிடும் வேளையில் முயலைக் கொஞ்சங் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து, கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடும்படி செய்தார். தென்னாப்பிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில், உடம்பைத் தளர்த்திப் படிப்படியாக அச்சத்தை நெருங்கும் முறையை விவரித்தார்.

மச்சானைப் பலதுறை மருந்தகத்து டாக்டர் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் அனுப்பினார். அவர் முதலில் ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். திறந்த கதவின் முன் நிற்பது, உள்ளே போய் உடனே வெளியே வருவது, கதவை மூடித் திறப்பது, ஒரு மாடி, மூன்று மாடி, பிறகு தனியாக. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று மார்க். மார்க் இறங்கும்வரை அந்தப் படியிலேயே நிற்க வேண்டும். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை மச்சானே முடிவு செய்வார். தள்ளுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

துணைக்குப் போன நமக்கும் கட்டளை உண்டு. "ஒன்றும் ஆகாது" என்று ஓயாமல் சொல்லக்கூடாது; நம் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொள்ள விடக்கூடாது. அவர் துஆ ஓதினார், அதை யாரும் தடுக்கவில்லை. கையை விடுவித்துக் கொள்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருந்தது. வெயிலில் சாக்கு சுமந்த மனிதர் நம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

(இரத்தத்தைக் கண்டு மயங்குகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதால், தசைகளை இறுக்கிப் பிடிக்கப் பழக்குகிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன வைத்தியத்தை நமக்கென்று எடுத்துக் கொள்ளலாகாது.)

எட்டாவது வாரம் மச்சான் பதினான்காவது மாடிக்குத் தனியாகப் போனார். இப்போதும் ஏறினால் கண் எண்பலகையை விட்டு நகராது. இறங்கியதும் முகத்தைத் துடைத்துக் கொள்வார். சென்ற மாதம், பெருநாளன்று நடந்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "எந்தப் பெருநாள்?" என்றார். மெய்யாகவே மறந்தாரா என்று நாம் மேலும் கேட்கவில்லை.