அண்டை வீட்டாரும் ஆலை முதலாளியும்

பொருள் தேடுவது மார்க்கம் அனுமதித்த காரியம். ஹலாலான சம்பாத்தியத்துக்குப் பெருஞ்சிறப்பும் உண்டு. ஆனால் தொழில் தொடங்குவோர் இடம் தேடும்போது எவற்றை விசாரிக்கிறார்கள்? நிலத்தின் விலை, சாலை, தண்ணீர், மின்சாரம், கூலியாள் கிடைக்கும் வசதி ஆகியவற்றை விசாரிக்கிறார்கள். அடுத்த நிலத்தில் குடியிருப்போர் யார் என்று கேட்பவர் எத்தனை பேர்? "என் நிலம், என் பணம், என் இஷ்டம்" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

உரிமை உண்டு, ஆயினும் அதற்கோர் எல்லையும் உண்டு என்பது ஷரீஅத் தரும் விடை. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்ட நூலில் இதற்குத் தெளிவான உதாரணங்கள் உள்ளன. ஒரு வீட்டை ஒட்டிக் கொல்லுப்பட்டறை அமைத்து, சம்மட்டி அடியால் அவ்வீடு பலவீனப்பட்டாலும், ரொட்டி அடுப்பின் புகையாலோ எண்ணெய் ஆலையின் நாற்றத்தாலோ அங்கே குடியிருக்க முடியாமற் போனாலும், அத்தீங்கு நீக்கப்பட வேண்டும் என்கிறது அந்நூல். பட்டறை அதன் சொந்தக்காரர் நிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் சத்தமும் புகையும் வேலியோடு நின்றுவிடுவதில்லையே! மிளகாய் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பேராக் மாநிலமே இதற்குப் பெரியதொரு படிப்பினையாக இருக்கிறது. புக்கிட் மேரா என்றதும் பாகான் செராய்வாசிகளுக்கு நினைவு வருவது, 1906-ம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டு, கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் தரும் நம் ஏரி. அதே பெயருடைய இன்னோர் ஊர் ஈப்போவை அடுத்த லஹாட் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் 1982-ம் ஆண்டில் ஏஷியன் ரேர் எர்த் கம்பெனியின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஈய மணலில் மிஞ்சும் மோனசைட் என்னும் பொருளிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. அவ்வாறு பிரிக்கும்போது கதிர்வீச்சுள்ள தோரியம் கழிவாக நின்றுவிடும். கம்பெனியின் பங்குகளில் 35 சதவீதம் ஜப்பானிய மிட்சுபிஷிக்கு உரியவை. ஹஜ்ஜுக் கடமைக்காக மக்கள் சேமிக்கும் தாபோங் ஹாஜி நிதிக்கும் அதில் 20 சதவீதம் இருந்தது.

கழிவைப் புதைக்க பாப்பான் என்னும் ஊரருகே குழிகள் வெட்டப்பட்டன. 1984-ம் ஆண்டில் பாப்பான் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் சர்க்கார் முக்கிம் பெலாஞ்சாவில் வேறு இடம் பார்த்தது. பாப்பான் தப்பியது, ஆனால் கழிவு குறைந்ததா? ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்பது ஃபிக்ஹு வல்லார் வகுத்த விதி.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எண்மர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றிக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்த்தது. மறுமாதமே, 1994 ஜனவரியில், வென்ற கம்பெனி ஆலையை மூடிவிட்டது! பிறகு அவ்விடத்தைச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று 2011-ல் பத்திரிகைகள் எழுதின.

கோர்ட்டில் தீங்கு நிரூபணமாக வேண்டும். சாட்சியும் நிபுணரும் வேண்டும். அது கோர்ட்டின் முறை. நம் நாயகம் (ஸல்) அவர்களோ, எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்றிருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவராகார் என்ற கருத்தை வலியுறுத்தியுள்ளார்கள். அச்சமற்றிருத்தல் என்பது எத்துணை உயர்ந்த அளவுகோல்! தீங்கு நேர்ந்த பிறகு நிரூபிக்கும் சுமையை அது அயலார் தலையில் வைக்கவில்லை. கட்டுவதற்கு முன்பே அவர்கள் அச்சத்தைப் போக்கும் கடமையைக் கட்டுபவர் தலையில் வைக்கிறது.

"அப்படியானால் ஆலையே வேண்டாமா? எங்காவது கட்டித்தானே ஆகவேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் கிரியானிலும் பெரியதொரு தொழிற்பேட்டைத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் வேலை தேடிப் பினாங்குக்கு ஓடாதிருக்க ஆலைகள் வரட்டும், வரவேற்போம். அயலாரின் அச்சம் வீணானது என்றால், கணக்கைத் திறந்து காட்டி, கழிவு எங்கே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதைப் போக்கிவிடலாமே! பொறாமையால் பொய்யச்சம் கிளப்பாமலிருப்பது அயலாரின் கடமை.

அந்நாளில் தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும்; லயங்களோ ஆலைக்கு அருகே இருக்கும். இடத்தைத் தேர்ந்தவர் புகையைச் சுவாசிக்கவில்லை. ஆகவே இடம் தேர்பவர் தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: "என் மனைவி மக்களை இந்த வேலியோரம் குடியமர்த்துவேனா?" பங்குப் பணம் போடும் நாமும் கேட்போம். பணம் எந்தப் புனிதக் காரியத்துக்காகச் சேர்ந்ததாயினும், அது எவர் வாசலில் போய் நிற்கிறது என்பதற்கு நாமும் பொறுப்பாளிகளே.

அயலார் அச்சமின்றி உறங்கும் வண்ணம் தொழில் செய்து பிழைக்க வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக! ஆமீன்.