தானமும் பிராயச்சித்தமும்

பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக அளித்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் காலம், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு, கொடுத்தது இன்னது, பெற்றவர் இன்னார் என்பதை வடமொழியிலும் தமிழிலும் செம்பிலே பொறித்துவைத்தது. இக்காலத்து ஸ்தாபனங்கள் சிலவோ, ஆலைப் புகையைக் குறைக்காமலே, எங்கோ யாரோ மரம் நட்டதற்கான கார்பன் பத்திரங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு, தாம் கார்பன் சமநிலை எய்திவிட்டதாகப் பறைசாற்றுகின்றன. செய்கிற பாவத்தை நிறுத்தாதவனுக்குத் தானம் பிராயச்சித்தமாகுமா? நல்வினையும் தீவினையும் தனித்தனியே பலன் தரும், ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடாது என்பதே சைவ மரபில் பெரிதும் வழங்கும் கொள்கை.

தத்துவம் கிடக்கட்டும், பிரத்தியக்ஷத்தைப் பார்ப்போம். புதுச்சேரி, கடலூர்ப் பகுதிச் சவுக்குத் தோப்புகள் நட்ட சில ஆண்டுகளிலேயே வெட்டுப்பட்டுக் கழியாகவும் விறகாகவும் காகிதக் கூழாகவும் போகின்றன. தப்பி நின்ற மரங்களிலும் பலவற்றை 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல் ஒரே காலையில் சாய்த்தது. நிலக்கரியிலிருந்து எழுந்த கரியமில வாயுவிலோ ஒரு பங்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் ஆகாயத்தை விட்டு நீங்காது. இந்த இரண்டையும் சமமென எழுதும் கணக்கனை வில்லியனூர்ச் சந்தையில்கூட ஒருவரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தன் புகையைச் சுமார் தொண்ணூறு விழுக்காடு குறைத்த பின்னரே எஞ்சியதற்கு ஈடு தேடலாம் என்று சர்வதேச அளவுகோல் ஒன்று வகுத்திருப்பது நியாயமே. ஏரி தூர்வாரவும் மரம் வளர்க்கவும் ஸ்தாபனங்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். அதைத் தர்மக் கணக்கில் எழுதட்டும், புகைக் கணக்கில் கழிக்க வேண்டாம். பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல் செபி விதிப்படி சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிட்டாக வேண்டும். அதைக் கையிலெடுக்கும் வாசகர்கள், நட்ட மரங்களின் படத்தைத் தள்ளிவிட்டு, சென்ற ஆண்டுப் புகையையும் இவ்வாண்டுப் புகையையும் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கக் கோருகிறேன்.