பெஞ்சு வரிசையில் ஓர் ஊர்

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் முன்னோரைத் தேடுகிறவருக்கு முதலில் கைகொடுப்பது அந்த ஊர்த் தேவாலயத்தின் பதிவேடுதான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஓர் ஆணை போட்டார். ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியான சேகரம் ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் குருவானவர் வாரந்தோறும் எழுதி வைக்க வேண்டும் என்றது அது. 1598இல் பழைய தாள்களையெல்லாம் தோலேட்டில் படியெடுக்கச் சொன்னார்கள். முதலாம் எலிசபெத் பட்டமேறிய 1558இலிருந்து எழுதினாலும் போதும் என்று இடம் கொடுத்ததால், பல ஊர்களில் முதல் இருபது ஆண்டு அப்படியே கைவிட்டுப் போயிற்று.

அந்த ஏடுகளைப் படிக்கவும் பழக வேண்டும். ஒரு தம்பதிக்கு 1700 மே மாதம் கல்யாணம், 1700 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால், கொள்ளுப்பாட்டி மேல் வீண்பழி விழும். 1751 வரை அங்கே சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. அந்த பிப்ரவரி, மே மாதத்துக்கு ஒன்பது மாதம் கழித்து வந்தது.

1754 முதல் மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறி போட்டார்கள். பேனா பிடித்துப் பழகாத கை அழுத்தி இழுத்த அந்த இரண்டு கோடுகளைப் பார்க்கும்போது, பெயராக மட்டும் இருந்தவர் ஒரு கணம் ஆளாகவே எதிரில் நிற்கிறார். 1813இல் ஞானஸ்நானப் பதிவுக்கும் அச்சிட்ட படிவம் வந்தது. தகப்பனாரின் தொழிலும் தெரிந்தது. 1851 மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த ஊரும் சேர்ந்தது. இப்படிப் பிள்ளையிலிருந்து தகப்பன், தகப்பனிலிருந்து பாட்டன் என்று தலைமுறை தலைமுறையாக மேலே போய்விடலாம்.

ஆனால் இந்த வழியில் போகிறவருக்குப் பிள்ளை பெற்றவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள். கல்யாணமாகாத அத்தை, பத்து வயதில் இறந்த பையன், ஊரை விட்டுப் போய்த் திரும்பாத அண்ணன் இவர்களெல்லாம் வம்சக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். வாரிசு இல்லாமல் போன ஒருவருடைய வாழ்க்கைக்கு ஊரில் என்ன இடம்? முன்னோரைத் தேடும் ஆர்வத்தோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இதற்கு மிக நல்ல விடை சொன்னவர் ரிச்சர்ட் கஃப். ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே உள்ள மிடில் என்ற சேகரத்துக்காரர், 1635இல் பிறந்தவர். அறுபத்தைந்து வயது தாண்டிய பிறகு, 1701இல், ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தார். அரசர்களையோ பிரபுக்களையோ வைத்து அதை அவர் வரிசைப்படுத்தவில்லை. தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்து, பெஞ்சு பெஞ்சாக எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் வீட்டுக்கும் இன்ன இடம் என்று உண்டு. வசதியானவர்களுக்கு முன்னே, குடிசைக்காரர்களுக்குப் பின்னே. எந்தப் பெஞ்சு யாருடையது, அந்தக் குடும்பத்தில் யார் யார், என்ன ஆனார்கள் என்று கடைசிப் பெஞ்சு வரை ஒருவரையும் விடாமல் எழுதிக்கொண்டே போனார்.

குறைகளையும் மறைக்கவில்லை. ஜூடித் டவுன்டன் என்ற பெண் தினமும் மதுக்கடைக்குப் போனதும், புருஷன் அந்தக் கடனை ஒரே தடவையில் பத்து பவுண்டு வீதம் அடைத்ததும் அதில் இருக்கிறது. அவள் தரப்பை யாரும் கேட்டதில்லை என்பது உறுத்துகிறது. இருந்தாலும் உத்தமர் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தால் மிடில் ஊர் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போருக்கு ஆள் சேர்த்ததைச் சிறுவனாக நேரில் பார்த்தவர் கஃப். மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து அரசர் பக்கம் போனவர்கள் இருபது பேர். கொல்லப்பட்டவர்கள் பதின்மூன்று பேர் என்று கணக்குச் சொல்கிறார். அவர்களில் ஒருவன் ரிச்சர்ட் சலோனர். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவன். ஓரளவு சேகரத்தின் செலவில் வளர்ந்தவன். வாட்டசாட்டமான பையனானதும் ஷ்ரூஸ்பரிக்குப் போய்ப் படையில் சேர்ந்தான். 1642 அக்டோபர் 23ஆம் தேதி எட்ஜ்ஹில் சண்டைக்குப் போனவனைப் பற்றி அதன் பிறகு ஊருக்குத் தகவலே இல்லை. வம்சாவளி தேடுகிற எவருடைய கையிலும் இந்தப் பையன் அகப்பட வழியில்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து ஒரு கிழவர் அவனை மறக்காமல் இருந்ததால் கிடைத்தான்.

ஏழைகளைப் பற்றிய தாள்கள் இன்னொரு விதத்தில் சேர்ந்தன. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, வந்தேறிய ஏழையைச் சொந்த சேகரத்துக்கே திருப்பி அனுப்பலாம். அதனால் எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை காலம் என்று நீதிபதிகள் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். 1697இல் இன்னொரு சட்டம் வந்தது. சேகரத்தின் உதவி பெறுகிறவர் வலது தோளில், பரம ஏழை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘பி’யும் சேகரத்தின் முதலெழுத்தும் சிவப்பு அல்லது நீலத் துணியில் தைத்துப் போட வேண்டும். 1810 வரை அது சட்டமாக இருந்தது. அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். இன்று அந்த விசாரணைத் தாள்களில்தான் ஒரு கூலிக்காரரின் வாழ்க்கைக் கதை, பண்ணைக்காரருடையதைவிட விரிவாகக் கிடைக்கிறது. தன் குடும்பப் பெயரை அந்தத் தாள்கட்டில் பார்த்துவிட்டுத் தாளைச் சட்டென்று மூடிவிடுகிறவர், தேடிவந்த மனிதரையே கைவிட்டுவிடுகிறார்.

கஃப் சொன்னதையெல்லாம் நம்பலாமா? வரலாற்றாசிரியர் டேவிட் ஹே மிடில் ஊரின் பதிவேடுகளோடும் உயில்களோடும் அதை ஒப்பிட்டு 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். கிழவரின் நினைவு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஓர் ஊரின் கதையை எழுத அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் வேல்ஸ்காரர். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால் 1948இல் சஃபோக் மாவட்டத்தின் பிளாக்ஸ்ஹால் கிராமத்துக்குக் குடிவந்தார். அந்த மண்ணில் அவருக்கு முன்னோர் கிடையாது. காது மந்தமாகிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து முதியவர்களிடம் போய் உட்கார்ந்து, அரிவாளால் கதிர் அறுத்த காலத்தையும், வீட்டில் ரொட்டி சுட்ட விதத்தையும், ஆடு மேய்த்த கதையையும் கேட்டுப் புத்தகமாக எழுதினார். 1956இல் வந்த அந்தப் புத்தகத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய அண்டை வீட்டுக்காரர்கள்.