பறவை வந்தால் போதுமா?

மாசி மாதம் வடசென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல்நீர் வற்றும் நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றின் சேற்றுத்திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். நெடுங்கால் உள்ளான்கள் ரோஜா நிறக் கால்களை நிதானமாக ஊன்றி, ஊசி அலகால் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். கூழைக்கடாக்கள் மீன்பிடிப் படகுகளையே பார்த்துக் காத்திருக்கும். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். உள்ளான் நடக்கும் சேற்றிலும் சாம்பல் படிந்திருக்கிறது.

“இவ்வளவு பறவை வருதே, அப்புறம் ஆறு எங்கே கெட்டுப்போச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. இதை வலைபோடும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். “மீன் இருக்கிற எடத்துல பறவை எறங்கும் தம்பி. அந்த மீன் நல்லதா கெட்டதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அவர் சொன்னதுதான் உண்மை. வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும் பங்குனி, சித்திரைக்குள் திரும்பிப் பறக்க வேண்டும். அந்த நெடும்பயணத்துக்கான கொழுப்பை இந்த வாரங்களில்தான் உடம்பில் சேர்க்கின்றன. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே பள்ளிக்கரணை, இடையில் எண்ணூர். சதுப்பு சுருங்கச் சுருங்க, மிச்சமிருக்கும் இடத்தில்தான் அவை இறங்கும். வேறு போக்கிடம் இல்லாமல் இங்கேயே வாழும் மீனவர்களின் நிலையும் இதுதான். ஒருவர் ஓரிடத்தில் வாழ்கிறார் என்பதாலேயே அந்த இடம் வாழத் தகுந்தது என்று ஆகிவிடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. படகும் வலையும் கருத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளை வயிறும் கருத்தது. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும். நீர் உள்ளே புகும். இறகைக் கோதும் பறவை அந்த எண்ணெயையே விழுங்கும். அந்தப் படங்களைப் பார்த்துப் பலர் பதறினார்கள். அதே கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களின் உடம்பை நினைத்து எத்தனை பேர் பதறினோம்?

பறவை பார்ப்பது மனதுக்கு ஆறுதல். நானும் அதைத் தேடித்தான் போகிறேன். ஆனால் ஓரிடத்தின் அழகை அனுபவிப்பவருக்கு அந்த இடத்தின் நோயிலும் பங்கு உண்டு. அந்தப் பங்கை ஏற்க ஒரு வழி, எண்ணுவது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் ஏரி ஏரியாகப் போய் எண்ணுகிறார்கள். எண்ணி எழுதி வைத்தால்தான் நாளை எது குறைந்தது என்று கேட்க முடியும்.

மாதவரம் ஏரியோ, ரெட்டேரியோ, கடப்பாக்கம் ஏரியோ, உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பதற்குப் போங்கள். கண்ட பறவையைத் தேதியோடு குறித்து வையுங்கள். கொட்டப்படும் குப்பையையும் கலக்கும் கழிவுநீரையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதோடு நிற்காமல், கரையில் வாழ்பவர்கள் மனு கொடுக்கப் போகும்போது அந்தக் குறிப்போடு கூடவே போங்கள்.