ஊர் யாருக்கு உரியது?

ஓர் ஊர் யாருக்கு உரியது? முன்னர் வந்தவர்க்கா, பின்னர் வந்தவர்க்கா? இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் நடக்கும் மல்லேஸ்வரமே போதும்.

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் வாழ்ந்தோர் உயிருக்கு அஞ்சினர். அவ்வச்சமே காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற சாலைகளைக் கொண்ட மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய புதுக் குடியிருப்புகள் விரைந்து உருவாகக் காரணமாயிற்று.

அவர்கள் வந்தபோது இவ்விடம் வெற்றிடமாக இருந்ததோ? இல்லை. மல்லபுரத்து இறைவனுக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் சிற்றூரை ஏகோஜி அளித்ததைக் காடு மல்லேஸ்வரர் கோயிலின் 1669ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு கூறுகின்றது. அந்த ஏகோஜியோ மராட்டியர். சிவாஜிக்குத் தந்தைவழித் தம்பி. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவர். கன்னட மண்ணில் கொடையளித்த மராட்டியர் தமிழ் மண்ணை ஆண்டார் எனின், மண்ணின் மைந்தர் யார்? வந்தேறி யார்?

தமிழரும் இந்நகர்க்கு வந்தவரே. 1809இல் ஆங்கிலேயர் படைப்பாளையம் அமைத்ததைத் தொடர்ந்து பலர் வந்தனர். பின்னர் ஆலைக்கும் அலுவலகத்திற்கும் வந்தோர் பலர். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலின்போது தமிழர் தாக்கப்பட்டனர். முன்வந்தவர், பின்வந்தவர் என்னும் கணக்கு எத்துணைக் கொடிது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. அங்ஙனமிருந்தும், வடநாட்டிலிருந்து நேற்றுக் கட்டட வேலைக்கு வந்த இளைஞனைக் கண்டு அதே கணக்கைப் போடுவோர் நம்மிடையேயும் இல்லையா?

பழைய மல்லேஸ்வரத்து வீடுகளின் பின்புறம் குறுகிய சந்துகள் உண்டு. கழிவு எடுப்போர் முன்வாயில் வழியே வாராது வந்துபோக வகுக்கப்பட்டவை அவை. நோய்க்கு அஞ்சி வந்தவர்க்கு அகன்ற சாலை கிடைத்தது. அவர் நோயின்றி வாழ உழைத்தவர்க்குச் சந்தே கிடைத்தது. அவ்வுழைப்பாளரும் இவ்வூரின் முதல் தலைமுறையினரே அல்லரோ? ஆண்டுக் கணக்குப் பார்ப்பினும், அவர்க்குரிய இடம் முன்வரிசையில் அன்றோ?

ஆகவே, ஊருரிமையை வந்த ஆண்டால் அளத்தல் நேர்மையாகாது. நமக்கு முன்னிருந்தோரை மறவாமையும், நமக்காக உழைப்போரை மதித்தலும், நமக்குப் பின்வருவோர்க்கு இடமளித்தலுமே அவ்வுரிமையை நமக்கு ஈட்டித் தரும். பின்வருவோனுக்கு முன்வாயிலைத் திறப்பவன் எவனோ, அவனே ஊருக்கு உரியவன்.